லேன் என்ற சொல்லும் அதன் இரு பக்கங்களும்

குறுகிய தெருக்களுக்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருந்தும், தமிழர் முகவரிகளில் அதிகம் வந்து ஒட்டிக்கொண்டது லேன்தான். சென்னையின் பெயர்ப்பலகைகளில் அதற்கு நேராகச் சந்து என்று எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை என்று எழுதுவார்கள். எந்தக் கையகராதியைப் புரட்டினாலும் ‘குறுகிய பாதை’ என்ற பொருளே முதலில் வரும். அந்தப் பொருளில் பிழையில்லை, ஆனால் அது பாதிப் பொருள்தான். இச்சொல் பிறந்து வளர்ந்த இடங்களில் வைத்துப் பார்த்தால், அகலத்தைவிட அதன் இரு பக்கங்களுக்கே அதில் அதிக வேலை இருப்பது தெரியும். வேலியோ, மண் அணையோ, மர வரிசையோ, வீட்டு வரிசையோ இருபுறமும் நிற்க, நடுவில் போக விடப்பட்ட வழியே லேன். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இருபது மைல் அகலமான ஒரு கடல்வழிக்கும் இதே சொல்லை ஒருவர் தயக்கமின்றிச் சூட்டியது ஏன் என்பது விளங்கும்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே, பழைய ஆங்கிலத்தில் இச்சொல் வழக்கில் இருந்தது. ஜெர்மானிய மொழிகளுக்குள் இதற்கு உறவுகள் உண்டு. அக்குடும்பத்தைத் தாண்டி இதன் வேர் எங்கே போகிறது என்று சொற்பிறப்பியலாளர்கள் உறுதியாகச் சொல்வதில்லை. இருக்கிற உறவுகளே போதிய சான்று தருகின்றன. டச்சு மொழியில் இது ‘லான்’ என்று வழங்குகிறது, ஆனால் அங்கே லான் என்றால் இரு ஓரமும் மரங்களை வரிசையாக நட்ட அகன்ற சாலை. ஹேக் நகரின் லான் வான் மெயர்டெர்வோர்ட் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமும் டிராம் ஓடுமளவு அகலமும் கொண்டது. குறுமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியில் இதன் இணைச்சொல் வீடுகளின் வரிசையைக் குறித்தது. ஸ்காட்லாந்தில் ‘லோன்’, ‘லோனிங்’ என்று திரிந்து, விளைநிலங்களுக்கு நடுவே மாடுகளை மேய்ச்சல் தரைக்கு ஓட்டிப்போகும் புல்வழியைக் குறித்தது. மாடுகள் பயிரில் வாய் வைக்காதபடி இருபுறமும் தடுத்திருப்பார்கள். பால் கறப்பதும் அங்கேயே நடக்கும். எடின்பரோவுக்குத் தெற்கேயுள்ள லோன்ஹெட் என்ற ஊர் அந்தப் பெயரை இன்றும் வைத்திருக்கிறது. இந்த நான்கு மொழிகளிலும் அகலம் மாறிக்கொண்டே போகிறது. பக்கங்களின் வரிசை மட்டும் மாறவில்லை.

ஆங்கிலத்தின் மற்ற வழிச்சொற்களோடு ஒப்பிட்டால் இதன் முதுமையும் தெரியும். ஸ்ட்ரீட் என்பது கல் பாவிய சாலையைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ரோமானியர் போட்ட சாலைகளோடு அது ஒட்டிக்கொண்டது. ரோடு என்ற சொல்லோ நெடுங்காலம் குதிரைச் சவாரியையும் பயணத்தையுமே குறித்தது. மக்கள் போய்வரும் சாலை என்ற பொருளை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பெற்றது. லண்டனின் பழைய மையமான சிட்டி என்ற ஒரு சதுர மைல் பரப்புக்குள், 1994இல் எல்லையைத் திருத்தி காஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதியைச் சேர்க்கும்வரை, ரோடு என்று பெயர் பெற்ற சாலை ஒன்றுகூட இருந்ததில்லை என்று சொல்வார்கள். அங்கே தெருக்களுக்குப் பெயர் வைத்த காலத்தில் அச்சொல்லுக்கு அந்தப் பொருளே இல்லை. லேன்களோ அதே பரப்பில் எங்கு திரும்பினாலும் இருந்தன.

இச்சொல்லின் தாய்வீடு நாட்டுப்புறம். நான் இங்கிலாந்தின் தென்மேற்கில் வசிப்பதால், டெவன் மாவட்டத்து லேன்களில் அடிக்கடி வண்டி ஓட்ட நேர்கிறது. அங்கே வேலி என்பது வெறும் செடி வரிசையன்று. முதலில் ஆளுயரத்துக்கு மண் அணை எழுப்பி, பல இடங்களில் அதன் முகத்தைக் கல் அடுக்கிக் காத்து, மேலே ஹேசல், ஹாத்தார்ன், ஓக் போன்றவற்றை நட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னிவிடுவார்கள். டெவனில் மட்டும் இத்தகைய வேலிகள் சுமார் 53,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடமுண்டு. எதிரே இன்னொன்று வந்துவிட்டால், ஒதுங்குமிடம் யாருக்கு அருகில் இருக்கிறதோ அவர் பின்னோக்கி ஓட்டிப்போக வேண்டும். வளைவில் பின்சக்கரம் அணையை உரசாமல் திருப்புவதற்குள் கழுத்து நோகும். கண்ணாடிக்கு ஓரங்குலத்தில் ஈரப் பெரணிகள் உரசும், ஏப்ரலில் என்றால் அவற்றுக்கிடையே வெளிர்மஞ்சள் பிரிம்ரோஸ் பூத்திருக்கும். கடந்து போகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார். வயல் எங்கே, ஊர் எங்கே என்று ஒன்றும் தெரியாது. வேலி விட்ட இடைவெளியில் ஒரு கம்பிப் படலை வரும்போதுதான் அப்பால் பசுக்கள் நிற்பது தெரியும்.

இந்த வேலிகளின் வயதைக் கணிக்க மாக்ஸ் ஹூப்பர் என்ற இங்கிலாந்துச் சூழலியலாளர் 1970களில் ஒரு வழி சொன்னார். வேலியில் முப்பது கஜ நீளத்தை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள மர இனங்களையும் புதர் இனங்களையும் எண்ண வேண்டும். ஓர் இனத்துக்கு ஒரு நூற்றாண்டு என்று வைத்தால் தோராயமான வயது கிடைக்கும் என்றார். தொடக்கத்திலேயே பல இனங்களைக் கலந்து நட்ட வேலிகளில் இக்கணக்கு பொய்த்துப்போகும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளையும் ஓய்வுபெற்றவர்களையும் கையில் குறிப்பேட்டோடு லேன் ஓரங்களில் நடக்க வைத்த கணக்கு இது என்பதால், எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு. ஒரு பாதையின் வயதை அறியப் பாதையை விட்டு வேலியைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

பாதையின் வடிவமும் வயதைச் சொல்லும். 1604 முதல் 1914 வரை இங்கிலாந்து நாடாளுமன்றம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நில அடைப்புச் சட்டங்களை இயற்றி, ஊர்ப்பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் தனியார் வேலிக்குள் கொண்டுவந்தது. அப்போது நில அளவையாளர்கள் போட்ட பாதைகள் கயிறு பிடித்ததுபோல் நேராக, 30 அடி, 40 அடி என்று வேலிக்கு வேலி அளந்து விட்டவை. வளைந்து நெளிந்து, காரணமின்றித் திடீரென்று செங்கோணத்தில் திரும்பும் லேன்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அவற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவருடைய வயல் மூலை இருந்திருக்கும்.

மிகப் பழைய லேன்களில் வேலியின் வேலையை நிலமே செய்கிறது. மென்மையான மணற்கல் உள்ள பகுதிகளில் வண்டிச் சக்கரங்களும் குளம்புகளும் மேற்பரப்பை உடைக்க, உடைந்த மண்ணை மழைநீர் அடித்துக்கொண்டுபோக, நூற்றாண்டுக் கணக்கில் பாதை கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. இவற்றை ஹாலோவே, அதாவது குழிந்த வழி என்பார்கள். வடக்கு லண்டனில் ஹாலோவே என்ற பகுதிப்பெயரும் இதுவே. ஹாம்ப்ஷயரிலுள்ள செல்போர்ன் ஊரின் பாதிரியார் கில்பர்ட் வைட், 1789இல் வெளிவந்த தம் இயற்கை வரலாற்று நூலில், தம் ஊரிலிருந்து புறப்படும் இரண்டு குழிந்த லேன்கள் சில இடங்களில் வயல் மட்டத்துக்குப் பதினாறு, பதினெட்டு அடி கீழே கிடப்பதை எழுதியிருக்கிறார். மேலேயிருந்து எட்டிப்பார்க்கும் பெண்கள் அஞ்சுவார்கள் என்றும், அவற்றினூடே போகும் குதிரைக்காரர்கள் நடுங்குவார்கள் என்றும், இயற்கையை ஆராய்பவருக்கோ அங்கே விளையும் செடிகளும் பெரணிகளும் பெருமகிழ்ச்சி தரும் என்றும் அவர் சொல்வதைப் படிக்கும்போது, மூன்றாவது வகையில் அவர் தம்மையே சேர்த்துக்கொண்டது தெரிகிறது.

டோர்செட்டில் நார்த் சிடியாக் ஊருக்கு அருகிலுள்ள ஹெல் லேன் அப்படிப்பட்டதொன்று. இருபுறமும் மஞ்சள் கலந்த மணற்கல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கல் அவ்வளவு மென்மையானது. போகிறவர்கள் அதில் மனித முகங்களையும் விசித்திர உருவங்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அணையின் உச்சியில் நிற்கும் மரங்களின் வேர்கள் பிடிமானம் இழந்து கல்முகத்தில் தொங்குகின்றன. கிளைகள் தலைக்குமேல் கூடிவிட்டதால் நடுப்பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்குகிறது. மழைக்காலத்தில் தரை ஓடையாகிவிடும். அந்தப் பள்ளத்தை வெட்டியது அந்த நீர்தான்.

லேனின் பக்கங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஷேக்ஸ்பியரின் ‘சிம்பெலின்’ நாடகத்திலும் ஒரு சான்று உண்டு. ரோமப் படைக்குப் புறங்காட்டி ஓடும் பிரித்தானியரை ஒரு முதியவரும் இரண்டு இளைஞர்களும் ஒரு லேனில் நின்று தடுத்துத் திருப்பிவிடுகிறார்கள். அகழி வெட்டி, புல்மண்ணால் சுவர் எழுப்பிய லேன் அது என்று நாடகமே விளக்குகிறது. மூன்றே பேர் ஒரு படையைத் தடுத்தார்கள் என்பதைப் பார்வையாளர்கள் நம்ப வேண்டுமானால், அந்தச் சுவர்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு இதையெல்லாம் அயலான செய்தியாகப் படிக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கைகளும் வேலிகளால் ஆனவை. ஒரு வளவுக்காரர் தம் எல்லையில் கிளுவையும் பூவரசும் கதியால் (நட்டால் துளிர்க்கும் வேலிக்கம்பு) போட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து வரிந்து கட்டுவார். எதிர்வளவுக்காரரும் அப்படியே செய்வார். இரண்டு வேலிகளும் விட்டது ஒழுங்கை. இன்னும் ஒடுங்கினால் அது குச்சொழுங்கை. கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டால் ஒழுங்கையும் ஒரு சாண் சுருங்கும், வழக்கும் தொடங்கும். பிரித்தானிய ஆட்சிக் காலத்து ஆவணங்களில் லேன் என்று எழுதப்பட்டதை எங்களவர்கள் ஒழுங்கை என்று சொன்னபோது, இரு மொழிகளும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

நகரத்துக்குள் வந்ததும் வேலியின் இடத்தை வீட்டுச் சுவர்கள் எடுத்துக்கொண்டன. லண்டன் லேன்களின் பெயர்களில் அவ்விடத்துத் தொழில்களும் உடைமைகளும் பதிந்திருக்கின்றன. புட்டிங் லேன் என்றதும் இனிப்புப் பண்டம் நினைவுக்கு வரும், ஆனால் இடைக்கால ஆங்கிலத்தில் புட்டிங் என்பது குடல் முதலிய உள்ளுறுப்புகளையும் குறித்தது. ஈஸ்ட்சீப் சந்தை இறைச்சிக்கடைக்காரர்கள் அந்தக் கழிவை இந்த லேன் வழியாகத் தேம்ஸ் நதியில் நின்ற படகுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1666 செப்டம்பர் 2ஆம் தேதி விடியுமுன் அங்கே தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் பற்றிய தீ நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகளை எரித்தது. தீ அவ்வளவு வேகமாகப் பரவியதில் லேன்களின் நெருக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மர வீடுகளின் மேல்மாடிகள் தெருவுக்குமேல் நீண்டு எதிர்வீட்டைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருந்தன. அடுத்து வந்த மறுகட்டுமானச் சட்டம், செங்கல்லிலும் கல்லிலுமே கட்ட வேண்டும் என்று விதித்ததோடு, பதினான்கு அடிக்குக் குறைவான வழிகளை அந்த அளவுக்கு அகலப்படுத்தச் சொன்னது. லேன்களில் எத்தனை மாடி, பெருந்தெருக்களில் எத்தனை மாடி என்றும் வகுத்தது. இங்கே லேனுக்கு அகலம் அளவுகோலானதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தின் கவலை பெரும்பாலும் இரு பக்கச் சுவர்களின் உயரத்தையும் அவை எதனால் ஆனவை என்பதையும் பற்றியதாகவே இருந்தது.

தமிழரோடு நேரடித் தொடர்புள்ள லண்டன் லேன் ஒன்றுண்டு. அது மின்சிங் லேன். கன்னியாஸ்திரீகளைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே மின்சிங் ஆயிற்று. பிஷப்ஸ்கேட் செயின்ட் ஹெலன் மடத்துச் சகோதரிகளுக்கு அங்கே உடைமை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை ஏகபோகம் முடிந்ததும், 1834இலிருந்து தேயிலை ஏலம் இந்த லேனுக்கு வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு, தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் இலங்கை மலைகளில் கிள்ளிய கொழுந்துக்கு விலை பேசப்பட்ட இடம் இது. தேயிலை வியாபாரத்தில் ‘லேன்’ என்று மொட்டையாகச் சொன்னாலே மின்சிங் லேன்தான் என்னும் அளவுக்கு அதன் செல்வாக்கு இருந்தது. லண்டன் தேயிலை ஏலம் 1998இல் நின்றுவிட்டது. மலையகத் தோட்டக் கூலியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சிறு தெருவின் வரலாற்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

லேனின் பங்காளிச் சொற்களை விரைவாகக் கடந்துவிடலாம். ஆலி என்பது பிரெஞ்சில் ‘போதல்’ என்ற வினையிலிருந்து வந்தது. முதலில் தோட்டத்தில் உலாவும் நடைவழியைக் குறித்து, பிறகு நகரச் சந்துக்கு இறங்கியது. யார்க்ஷயரில் ஜின்னல், ஸ்னிக்கெட், சசெக்ஸில் ட்விட்டன், ஸ்காட்லாந்தில் வைண்ட், வெனல், குளோஸ் என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும். எது எந்த அகலம் என்று அவ்வூர்க்காரர்களே வாதிட்டுக்கொள்வார்கள். இவற்றில் எதுவும் தன் வட்டாரத்தை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. நாட்டுக்கும் நகரத்துக்கும் பொதுவாக நின்று, பிறகு நிலத்தையே விட்டுக் கிளம்பியது லேன் ஒன்றுதான்.

அந்தப் பயணம் மனிதர்களிடமிருந்து தொடங்கியது. இரு வரிசையாக நின்ற சிப்பாய்களுக்கு நடுவிலும், ஒதுங்கி வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவிலும் உண்டாகும் பாதையை ஆங்கிலேயர் லேன் என்றார்கள். குழந்தைக்கு மருந்து புகட்டும்போது தொண்டையைச் சிவப்பு லேன் என்று கொஞ்சிச் சொல்லும் வழக்கும் பழையது. பிறகு சொல் கடலுக்குப் போயிற்று.

1854 செப்டம்பர் 27ஆம் தேதி, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் மூடுபனியில், ஆர்க்டிக் என்ற அமெரிக்கப் பயணிக் கப்பல் வெஸ்டா என்ற சிறிய பிரெஞ்சு நீராவிக் கப்பலோடு மோதி மூழ்கியது. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ ஃபான்டெய்ன் மோரி கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்துக் காற்றையும் நீரோட்டத்தையும் வரைந்தவர். போகும் கப்பல்களுக்கு ஒன்று, வரும் கப்பல்களுக்கு ஒன்று என்று அட்லாண்டிக்கில் இரண்டு பாதைகளை அவர் 1855இல் வரைபடத்தில் குறித்து, அவற்றுக்கு லேன் என்று பெயரிட்டார். ஒவ்வொன்றும் இருபது மைல் அளவுக்கு அகலம். அங்கே வேலியும் இல்லை, சுவரும் இல்லை. காகிதத்தில் இரண்டு கோடுகள்தான். பெரிய கப்பல் நிறுவனங்கள் கூடி அத்தகைய பாதைகளுக்கு ஒப்புக்கொள்ள 1898 ஆகிவிட்டது.

தரையிலும் கோடுகளே வேலியாயின. மிச்சிகன் மாநிலத்தில் வெய்ன் கவுண்டி சாலை ஆணையராக இருந்த எட்வர்ட் ஹைன்ஸ், 1911இல் டிரென்டன் ஊரின் ரிவர் ரோட்டில் நடுக்கோடு போட ஏற்பாடு செய்தார். முன்னே போன பால்வண்டி ஒழுகவிட்ட வெள்ளைத் தடத்தைப் பார்த்து அந்த எண்ணம் வந்ததாகச் சொல்லப்படுகிறது. கலிஃபோர்னியாவில் ஜூன் மெக்கரால் என்ற பெண் மருத்துவர் 1917இல் இதே கருத்தைத் தாமாகக் கண்டு, பல ஆண்டுகள் அரசிடம் வாதாடினார். ஒரு சாலைக்குள் பல லேன்கள் என்ற இன்றைய பொருள் இந்த வண்ணக் கோடுகளால் பிறந்தது. தமிழில் இந்தப் பொருளுக்குச் சந்தும் ஒழுங்கையும் பொருந்தாததால், நான்கு வழிச் சாலை, எட்டு வழிச் சாலை என்று வழியைக் கொண்டே சொல்லிக்கொண்டோம். இந்திய நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கு மூன்றரை மீட்டர் விடுகிறார்கள். டெவனில் பல லேன்களுக்கு வேலிக்கு வேலி அவ்வளவு இடம் கிடையாது.

நீச்சல் குளத்தில் கோட்டின் இடத்தில் மிதவைக் கயிறு வந்தது. 1936 ஒலிம்பிக்கில் மல்லாந்து நீந்தும் 100 மீட்டர் போட்டியில் தங்கம் வென்ற அடால்ஃப் கீஃபர், பக்கத்து வீரர் எழுப்பும் அலையைச் சிதறடிக்கும் சுழல்வட்டுகள் கோத்த கயிற்றைப் பின்னாளில் உருவாக்கினார். எல்லை காட்டியதோடு தடுப்பாகவும் நின்றதால், பழைய வேலிக்கு மிக நெருங்கி வந்தது இந்தக் கயிறுதான் என்பேன்.

கடலில் கோடு போட்டால் மட்டும் போதாது என்பதை டோவர் நீரிணை காட்டியது. மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கடலில் 1967இல் சர்வதேச ஒப்புதலோடு இரண்டு லேன்கள் வகுக்கப்பட்டன: தென்மேற்கே போகும் கப்பல்களுக்கு இங்கிலாந்துக் கரையோரம், வடகிழக்கே போகும் கப்பல்களுக்குப் பிரெஞ்சுக் கரையோரம், நடுவில் எவரும் போகக்கூடாத ஒரு பிரிப்புப் பட்டை. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது இருந்தது. 1971 ஜனவரி 11ஆம் தேதி டெக்சகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல் அங்கே மோதலுக்குள்ளாகி உடைந்து மூழ்கியது. மறுநாள் பிராண்டன்பர்க் என்ற கப்பல் அந்தச் சிதைவில் மோதி மூழ்கியது. எச்சரிக்கை விளக்குக் கப்பலை நிறுத்தியும், பிப்ரவரியில் நிக்கி என்ற மூன்றாவது கப்பலும் அங்கேயே மோதி, அதிலிருந்த எல்லோரோடும் மூழ்கியது. மூன்றிலுமாக ஐம்பது பேர் அளவில் இறந்த பிறகுதான் லேன் விதிகளைக் கட்டாயமாக்கும் பேச்சு வேகம் பெற்றது. 1972இல் எழுதி 1977இல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தடுப்பு விதிகளில் பத்தாவது விதி இதற்கென்றே அமைந்தது. லேனுக்குள் போகும் கப்பல் அதன் பொதுத் திசையிலேயே போக வேண்டும்; குறுக்கே கடந்தே ஆகவேண்டியவர் இயன்றவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும். நாளொன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் இன்று அந்த விதியின்படி அங்கே போய்வருகின்றன. டோவரிலிருந்து கலேக்குப் போகும் படகுகள் இரண்டு லேன்களையும் குறுக்காக வெட்டிக்கொண்டு போகின்றன.